தரம் 6 அனுமதி: விடுகைப் பத்திரத்தை எடுக்கும் முன் வாசியுங்கள்

இலங்கையில் தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்து, பாடசாலை அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியாகும் வரைக்கும் உள்ள இடைவெளிதான், பாடசாலையில் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லும் தரகர்களின் அறுவடைக் காலம். 2025இல் பரீட்சை ஓகஸ்ட் 10ஆம் திகதி நடந்தது, பெறுபேறு செப்டெம்பர் தொடக்கத்தில் வந்தது. பிள்ளைக்கு எந்தப் பாடசாலை கிடைக்குமோ என்று தாய் தகப்பன் அந்தரப்படும் அந்த நாட்களில்தான் வட்ஸ்அப்பில் செய்தி வரும்: "யாழ்ப்பாணத்தில தனியார் பாடசாலையில ரெண்டு இடம் இருக்கு, ஹொஸ்டலோட. இண்டைக்கே காசு போட்டாத்தான் பிடிச்சு வைக்கலாம்."

திருகோணமலை உப்புவெளிப் பக்கத்துக் குடும்பமொன்று இதில் மாட்டியது. முதலில் கேட்டது சின்னத் தொகை, 'பதிவுக் கட்டணம்' என்று. பிறகு படிவம் வந்தது, அதன்பின் அனுமதிக் கடிதம். கடிதத்தைப் பார்த்தால் இலச்சினை கலர் பிரதி, கீழே ஒரு கைத்தொலைபேசி இலக்கம் மட்டும், சேர்விலக்கம் கிடையாது. பற்றுச்சீட்டோ எந்தப் புத்தகக் கடையிலும் வாங்கக்கூடியது. தொடர் இலக்கம் இல்லை, எதற்காக வாங்கிய காசு என்ற வரி வெறுமையாக இருந்தது, மேலே ஒரு றப்பர் முத்திரை. விடுதி வைப்புப் பணம் தனியாள் கணக்குக்குப் போனது. கடைசியாக, "ஒறிஜினல் விடுகைப் பத்திரம் இல்லாட்டி இடம் போயிரும்" என்று அவசரப்படுத்தினார்கள். புதுத் தவணைக்குப் பெட்டியோடு போய் இறங்கியபோது பாடசாலைப் பட்டியலில் பிள்ளையின் பெயரே இல்லை.

காசைத் துரத்தலாம், போன இடத்தைத் துரத்த முடியாது. தரம் 5க்கு மேலும் வகுப்புள்ள அரச பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் எடுத்தால் இடாப்பிலிருந்து பெயர் நீக்கப்படும். அந்த இடத்துக்கு வேறு பிள்ளை வந்துவிட்டால் திரும்பிச் சேர்க்க அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் அலைய வேண்டும். நல்ல பாடசாலை விண்ணப்பத்தோடு இதைக் கேட்பதில்லை. தேர்ச்சி அறிக்கையும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் அந்தக் கட்டத்துக்குப் போதும். அனுமதி எழுத்தில் வந்து, கட்டணம் கட்டி, சேரும் திகதி உறுதியான பிறகே விடுகைப் பத்திரம். தரம் 5உடன் முடியும் பாடசாலையென்றால் அதை எப்படியும் எடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதையும் தரகர் கையில் கொடுக்காதீர்கள்.

இன்னொரு குழப்பம் பெயரில் வருகிறது. திருகோணமலையில் புனித சூசையப்பர் கல்லூரி, புனித மரியாள் கல்லூரி, மெதடிஸ்த பெண்கள் கல்லூரி எல்லாம் மிஷன் பெயரோடு இருந்தாலும் இன்று அரச பாடசாலைகள். அரச உதவி பெற்றுவந்த மிஷன் பாடசாலைகள் 1960, 1961 சட்டங்களால் பெரும்பாலும் அரசின் கீழ் வந்தன. யாழ்ப்பாணம் சென்ற் ஜோன்ஸ், சென்ற் பற்றிக்ஸ், சுண்டிக்குளி மகளிர், உடுவில் மகளிர் போன்ற சிலவே தனியாராகத் தொடர்ந்தன. ஆகவே அரச பாடசாலையில் 'நிர்வாக கோட்டா' என்று யாராவது காசு கேட்டால் அப்படியொரு கோட்டா இல்லை. அது லஞ்சம். கொடுப்பவரும் குற்றவாளிதான் என்பதைப் பல பெற்றோர் யோசிப்பதில்லை.

மூன்றாவது வகை சர்வதேசப் பாடசாலை. இவை கம்பனிகளாகப் பதிவானவை. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழில் 'பீவி' (PV) என்று தொடங்கும் இலக்கம் இருந்தால் அது தனியார் கம்பனிப் பதிவு மட்டுமே. கற்பித்தலின் தரத்துக்கு யாரும் கொடுத்த அங்கீகாரம் அல்ல. கம்பனிப் பெயரைக் கம்பனிப் பதிவாளர் திணைக்கள இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். வங்கிக் கணக்கின் பெயரும் அந்தக் கம்பனிப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துவர வேண்டும். பிள்ளை எழுதப் போவது உள்ளூர் சாதாரண தரமா, லண்டன் பரீட்சையா, பரீட்சைக்கு விண்ணப்பிப்பது பாடசாலையா பெற்றோரா என்பதை எழுத்தில் கேளுங்கள். தமிழ் மொழிமூலப் பிள்ளையை ஆங்கில மொழிமூலத்தில் விட்டு, இரண்டு வருடத்தில் திரும்பக் கொண்டுவருவது லேசான காரியமல்ல.

தனியார் பாடசாலைக்கு எப்போது விண்ணப்பிப்பது? ஒவ்வொன்றும் தன் திகதியைத் தானே அறிவிக்கும். அடுத்த ஆண்டு தரம் 6க்கு என்றால் நடப்பு ஆண்டின் நடுப்பகுதியிலேயே அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டுவைப்பது நல்லது, புலமைப்பரிசில் பெறுபேற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். இலக்கத்தை முகநூல் விளம்பரத்திலிருந்து எடுக்காமல் பாடசாலையின் சொந்த இணையத்தளத்திலிருந்து எடுங்கள். கைத்தொலைபேசியை விட நிலையான தொலைபேசிக்கு அழைப்பது பாதுகாப்பு. விடுதி வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் வகுப்பில் இடம் இருந்தும் விடுதியில் கட்டில் இல்லாமல் போவதுண்டு. பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, பெற்றோர் அடையாள அட்டைப் பிரதி, தேர்ச்சி அறிக்கைகள், தடுப்பூசி அட்டை, கேட்டால் ஞானஸ்நானச் சான்றிதழ் என எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஒறிஜினலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். ஒன்றில் 'சி' என்றும் மற்றதில் 'சீ' என்றும் பெயர் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். நேர்முகத்துக்கு முதல் நாள் அது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

காசு கட்டுமுன் கட்டண விவரத்தைத் தாளில் வாங்குங்கள்: அனுமதிக் கட்டணம், வைப்புப் பணம், தவணைக் கட்டணம், விடுதிக் கட்டணம். ஒவ்வொன்றுக்கும் நேரே திருப்பித் தருவார்களா, எப்போது, எத்தனை மாத முன்னறிவித்தலில் என்று எழுதித்தர வேண்டும். வாயால் சொன்ன 'ரிபண்ட்' ரிபண்ட் இல்லை. அனுமதிக் கட்டணம் வழக்கமாகத் திரும்பி வராது, வைப்புப் பணம் வர வேண்டும். 'கட்டட நிதி'க்கும் பற்றுச்சீட்டு கேளுங்கள், தயங்கினால் எழும்பி வாருங்கள்.

ஏற்கனவே கட்டிவிட்டவர்கள் முதலில் வங்கிக்கு அறிவித்து, பிறகு பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். பதிவுசெய்த நிறுவனத்தின் சேவைக் குறைபாடென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும், அரச பாடசாலை அனுமதிக்குக் காசு கேட்டால் லஞ்ச ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கும் அழையுங்கள். வட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் ஏற்றுமதி செய்து வையுங்கள். குரல்பதிவுகளைத் தனியாகச் சேமியுங்கள், ஏனென்றால் அந்தப் பக்கம் 'எல்லோருக்கும் அழி' என்று ஒருமுறை அழுத்தினால் போதும்.