கடப்பா, தள்ளாட்டமா, நேரடிப் படமா?

சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலில் எட்டு அங்குலத் தொலைநோக்கியை நிறுத்தும் முன்பே, வேற்று விண்மீன்களின் கோள்களை எம்முறையில் பின்தொடர்வது என்பதை நான் முடிவு செய்துவிட்டேன். கோள் தன் விண்மீனின் முன்னே கடக்கையில் ஒளி மங்குவதை அளக்கும் கடப்பு முறைதான் அது.

கோளின் ஈர்ப்பால் விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் அசையும் தள்ளாட்டத்தை அளக்கும் ஆரத் திசைவேக முறைக்கும் பெருமை உண்டு. 1995இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனின் கோளைக் கண்டது அதனால்தான். கோளின் நிறையை அறிய இன்றும் பெரும்பாலும் அதையே நாடுகிறார்கள். ஆனால் பூமி சூரியனை அசைப்பது நொடிக்கு 9 சென்டிமீட்டர் அளவே. அதை அளக்கும் நிறமாலைக் கருவியில் என் கை பட்டதில்லை. ஆகவே இதைப் படிப்பறிவாகவே கொள்ளவும். நேரடிப் படமோ, எச்.ஆர். 8799 என்ற விண்மீனின் நான்கு கோள்களைப் போல, விண்மீனை விட்டு வெகுதொலைவில் சுற்றும் இளம் பெருங்கோள்களுக்கே அதிகம் கைகொடுக்கிறது.

என்னைக் கடப்பின் பக்கம் சாய்த்தது வளிமண்டலம். கோள் முன்னே வரும்போது விண்மீனின் ஒளியில் ஒரு சிறு பங்கு, கோளைச் சூழ்ந்த காற்று வளையத்தின் ஊடாக வடிந்து நம்மை எட்டுகிறது. அக்காற்று எந்த நிறத்தை உறிஞ்சுகிறதோ, அந்த நிறத்தில் கோள் சற்றே பெரிதாகத் தோன்றும். எச்.டி. 209458 பி கோளில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி சோடியத்தைக் கண்டதும், 2022இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி வாஸ்ப்-39 பி கோளில் கார்பன் டை ஆக்சைடைக் காட்டியதும் இவ்வழியில்தான். ஆலைப் புகைக்குப் பின்னே சிவக்கும் மாலைச் சூரியனைக் காட்டித் தங்கை மகனுக்கு இதை விளக்கினேன். “அது உறிஞ்சல் இல்லை மாமா, சிதறல்” என்று திருத்தினான். சிதறலுக்கும் இங்கே இடமுண்டு: எச்.டி. 189733 பி நீல ஒளியில் சற்றுப் பெரிதாகத் தெரிவதற்கு அதன் மேல்வெளி மூட்டம் காரணமாகலாம். விண்மீனின் கரும்புள்ளிகளும் அதே தோற்றத்தைத் தரக்கூடும்.

கடப்பின் பெருங்குறை, பாதை நம் பார்வைக் கோட்டில் அமைய வேண்டும் என்பதே. பூமியைப் போன்ற பாதைக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ 200இல் ஒன்று.

நான் அளந்ததும் எச்.டி. 189733ஐத்தான். முதல் இரவு, கடப்பின் நடுவில் மேகம் மூடியது. அடுத்த முறை முகப்பு ஆடியில் பனி படியாதிருக்க முடி உலர்த்தியைப் பிடித்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். பக்கத்து விண்மீனோடு ஒப்பிட்டுக் குறித்த புள்ளிகள் சிதறிக் கிடந்தாலும், நடுவே 2 விழுக்காட்டுக்குச் சற்று மேலான பள்ளம் ஒன்று தெளிவாகத் தெரிந்தது.