பேன்டமும் பெருவிடையும் ஒரே கூண்டில்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

“பத்துக் கோழிகள் தாராளமாக அடையும், எந்த இனத்தையும் சேர்த்தே விடலாம்” என்ற உறுதிமொழியோடு எங்கள் பகுதிப் பட்டறை ஒன்றில் விற்கப்பட்ட, ஆறடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட இரும்புக் கூண்டை வாங்கி ஓராண்டு நிறைந்துவிட்டது. அதில் பேன்டம் என்ற குட்டைக் கோழி இனத்தின் நான்கு பெட்டைகளும், பெருவிடை என்ற பெரிய நாட்டுக்கோழி இனத்தின் ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் அடைகின்றன. கட்டுமானத்தில் குறை சொல்ல இடமில்லை. ஐப்பசி அடைமழையிலும் உள்ளே ஈரம் இறங்கவில்லை. எச்சத்தட்டை இழுத்துக் கழுவுவது எளிது. இரவில் வந்த மரநாயால் தாழ்ப்பாளைத் திறக்க முடியவில்லை.

ஆனால் “எந்த இனத்தையும்” என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. பேன்டம் பெட்டை பெரும்பாலும் ஒரு கிலோ எடைக்குள்தான் இருக்கும்; பெருவிடைச் சேவலோ நான்கு கிலோவையும் எட்டக்கூடும். கூண்டில் இருந்த ஒற்றைத் தீவனத் தொட்டியைப் பெரிய பெட்டைகள் சூழ்ந்துகொண்டதால், முதல் வாரத்தில் ஒரு மாலை, அடைந்த கோழிகளின் கழுத்தடியில் தீனி சேரும் இரைப்பையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபோது, பெருவிடைகளுக்கு உருண்டு திரண்டிருந்த பை, இரண்டு பேன்டங்களுக்கு வெறும் தோலாகக் கையில் மடங்கியது. பேன்டம் மட்டும் நுழையும் அளவுக்குக் கம்பி இடைவெளி விட்டு, மூலையில் இரண்டாவது தொட்டி வைத்த பிறகே அவை தேறின.

சேவலைப் பொறுத்தவரை இன்னும் கவனம் வேண்டும். அது இணைசேர ஏறி மிதித்ததில் ஒரு பேன்டத்தின் முதுகு இறகுகள் உதிர்ந்து தோல் கிழிந்தது. சேவலைப் பிரித்து வைக்கக் குறுக்குத் தடுப்புக்கு வழியே இல்லாத கூண்டு என்பதால், அதைத் தனியாகப் பணம் கொடுத்துப் பற்றவைக்க வேண்டியதாயிற்று. மூன்றடி உயரத்தில் அசையாமல் பொருத்திய, கோழிகள் இரவில் அமர்ந்து உறங்கும் அடைகம்பு பேன்டத்துக்குப் பொருந்தும். கனத்த கோழிகள் அங்கிருந்து குதித்தால் காலில் அடிபடும் என்பதால், அவற்றுக்குத் தாழ்வாக ஒரு பலகை போட்டேன்.

என்னை மிகவும் வருத்திய குறை வலைக்கண்தான். ஓரங்குல வலைக்கண் வழியாக வெளியேறிய பேன்டம் குஞ்சு ஒன்று, விடியற்காலைப் பனியில் விறைத்துக் கிடந்தது. அதன்பின் குஞ்சுகளையும் தாயையும் பஞ்சாரத்திலேயே கவிழ்க்கிறேன்.

இரண்டையும் சேர்த்து வளர்ப்பதை நான் கைவிடவில்லை. அடைக்கு அமர்வதில் பேன்டத்துக்கு இணையில்லை. ஐந்து பெருவிடை முட்டைகளை வைத்ததில் இருபத்தோராம் நாள் நான்கு பொரிந்தன. ஒரு மாதம் கடந்து, தாயின் அளவை நெருங்கிய பிறகும், அந்தக் குஞ்சுகள் அதன் இறக்கைக்குள் தலையை மட்டுமாவது நுழைத்துக்கொண்டுதான் உறங்கின.

பெருவிடை மட்டும் வளர்ப்பவர்கள், அடைகம்பைத் தாழ்த்தித் தரச் சொல்லி, இந்தக் கூண்டைத் தயங்காமல் வாங்கலாம். பேன்டமும் சேர்ப்பவர்கள் அரையங்குல வலை, கழற்றி மாட்டும் தடுப்பு, இரண்டு தீவனத் தொட்டிகள் ஆகியவற்றை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.