சிக்வின்: புழங்குவதில் குறையில்லை, புதுப்பிப்பதில்தான் பொறுமை போகிறது

ஈரோட்டில் ஒரு மஞ்சள் கிடங்கின் கணக்கையும் கணினிகளையும் பார்த்துக்கொள்ளும் நண்பர், தம்முடைய எடைமேடைக் கணினியில், விண்டோஸுக்குள்ளேயே யூனிக்ஸ், லினக்ஸ் வகை நிரல்களை ஓட்ட உதவும் சிக்வினைப் போடலாமா என்று கேட்டிருந்தார். "ஏனுங்கண்ணா, நீங்க வருசக்கணக்கா வெச்சு ஓட்டறீங்க, நம்பிப் போடலாமுங்களா?" என்ற அவருடைய கேள்விக்குப் போனில் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. சிக்வின் என்றால் என்ன, அதில் என்னென்ன நிரல்கள் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். ஆகவே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அதைப் பல ஆண்டுகளாகப் புழங்கியும் பராமரித்தும் நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன். சென்ற வாரம் நடந்த புதுப்பிப்பின் எரிச்சல் இன்னும் தணியவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துணிக் கிடங்கில், துணி பின்னும் நிட்டிங்கிலிருந்து வரும் ஒவ்வொரு ரோலும் தராசில் ஏறி, எடை பதிவான பிறகே சாயம் ஏற்றும் டையிங்குக்குப் போகும். டையிங், துணியை இறுக்கிச் சீராக்கும் காம்பாக்டிங் எல்லாம் முடிந்து திரும்பி வரும்போது மறுபடியும் தராசில் ஏறும். போன எடைக்கும் வந்த எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் பிராசஸ் லாஸ். பேசிவைத்த சதவீதத்துக்கு மேல் அது கொஞ்சம் கூடினாலும் டையிங்காரருக்கும் எங்களுக்கும் பேச்சு வளரும் என்பதால், எடையைக் கையால் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தராசிலிருந்தே நேராகக் கணினிக்கு எடுக்க வேண்டியிருந்தது. அதே கணினியில்தான் லேபிள் அச்சிடும் நிரலும் கணக்கு நிரலும் ஓடுகின்றன. அவை இரண்டும் விண்டோஸை விட்டு நகராதவை. எனவே லினக்ஸுக்கு மாறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த இடத்தில்தான் சிக்வின் என்னை மகிழ்வித்தது. தராசு போன்ற சாதனங்களை இணைக்கும், விண்டோஸில் காம்1 என்று காட்டப்படும் சீரியல் போர்ட், சிக்வினின் டெவ் அடைவில் டிடிஒய்எஸ்0 என்ற சாதனக் கோப்பாகத் தானாகவே நிற்கிறது. எங்கள் தராசு காம்3இல் இருப்பதால் அது டிடிஒய்எஸ்2. எண்ணில் ஒன்று குறையும் என்பதை நினைவில் வைத்தால் போதும். எஸ்டிடிஒய் கட்டளையால் வேகத்தைத் தராசுக்கு ஏற்ப 9600 என்று அமைத்துவிட்டு, அந்தக் கோப்பை, கட்டளைகளை ஓட்டும் பாஷில் வரிவரியாகப் படித்தால், ரோலைத் தராசில் வைத்த மாத்திரத்தில் எடை திரையில் வந்து விழுகிறது. இதற்கென்று தனி நிரலுக்கு விலை கேட்டபோது சொன்ன தொகையை நினைத்தால், பத்துப் பதினைந்து வரி ஸ்கிரிப்டில் இது முடிந்தது எனக்கு இன்றும் நிறைவைத் தருகிறது. பதிவான எடைகளை, வரிகளைப் பிரித்துக் கணக்கிடும் ஆக் நிரல் கொண்டு லாட் வாரியாகக் கூட்டுவதும், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கொண்டு அலுவலகக் கணினிக்கு அனுப்புவதும் அதன் பிறகு சிறு வேலைகள்தாம்.

விண்டோஸ் நிரல்களுக்கும் இந்த ஸ்கிரிப்டுகளுக்கும் நடுவே கோப்புப் பாதைகளை மாற்றித் தரும் சிக்பாத் இல்லாவிட்டால் பாதி நாள் சாய்கோடுகளைத் திருப்புவதிலேயே போய்விடும். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் எக்செலிலிருந்து எடுத்து அனுப்பும் பேக்கிங் லிஸ்டுகளில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். கடைசி நெடுவரிசையை எதனோடு ஒப்பிட்டாலும் பொருந்தாமல் போவதற்கு அதுவே காரணம். டாஸ்2யூனிக்ஸ் என்ற சிறு நிரலில் ஒருமுறை போட்டெடுத்தால் சரியாகிவிடும்.

இன்னொரு நிரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிக்செக் என்ற அந்த நிரலைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நிறுவியுள்ள ஒவ்வொரு தொகுப்பின் பெயரையும் பதிப்பையும் பட்டியலிட்டு, கோப்புகள் முழுமையாக இருக்கின்றனவா, ஏதேனும் விடுபட்டிருக்கிறதா என்று அது காட்டும். ஒரு கோப்பைக் கொடுத்தால் அது எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று சொல்லும். ஒரு நிரலைக் கொடுத்தால் அது எந்தெந்த டிஎல்எல்களை (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்புகளை), எந்த அடைவிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்று கிளைகிளையாக விரித்துக் காட்டும். இவற்றையெல்லாம் விட முக்கியமானது, சிக்செக் தான் இயங்குவதற்கு சிக்வினின் மையக் கோப்பான சிக்வின்1.டிஎல்எல்லை நம்பியிருப்பதில்லை, அது நேரடி விண்டோஸ் நிரலாகவே கட்டப்பட்டிருக்கிறது. பாஷ் எழாத, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்கூட ஓடாத வேளையிலும் விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் அதை ஓட்டி, எங்கே கோளாறு என்று பார்த்துவிடலாம். பராமரிப்பவனின் நிலையை நன்றாக உணர்ந்தவர்களே இப்படி ஒன்றைச் செய்திருக்க முடியும்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். யூனிக்ஸில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்பை நீக்கிவிட்டு, அதே பெயரில் புதியதை வைக்கலாம். ஓடுகிற நிரல் பழைய கோப்பைப் பிடித்துக்கொண்டே தன் வேலையை முடிக்கும். அடுத்து எழும் நிரல் புதியதை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் அதற்கு இடம் கொடுப்பதில்லை. நினைவகத்தில் ஏற்றப்பட்டிருக்கும் டிஎல்எல்லின் மேல் புதியதை எழுத விடாது. சிக்வினிலோ பாஷிலிருந்து ஆர்சிங்க் வரை எல்லாமே சிக்வின்1.டிஎல்எல் என்ற ஒரே கோப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆகவே அதைப் புதுப்பிக்க வேண்டுமானால், எங்கோ மூலையில் திறந்து கிடக்கும் ஒற்றைச் சாளரம் உட்பட அத்தனையும் நின்றாக வேண்டும். சிக்வினுக்குள்ளேயே, லினக்ஸில் நிரல்களை நிறுவிப் புதுப்பிக்கும் ஆப்ட் போன்ற தொகுப்பு மேலாளர் இல்லாமல், செட்டப் என்ற தனி விண்டோஸ் நிரலைக் கொடுத்திருப்பதும் இதனால்தான்: அந்த மேலாளரும் அதே டிஎல்எல்லைப் பிடித்திருந்தால் அதை மாற்ற முடியாது.

காரணம் புரிகிறது, நியாயமும் இருக்கிறது. ஆனால் ஷிப்மெண்ட் நேரத்தில் திருப்பூரில் எந்தக் கிடங்கில் கணினி ஓய்கிறது? இரவு ஷிஃப்ட் முடிந்தால் பகல் ஷிஃப்ட். பேக்கிங்கில் ஆள் இல்லாத நேரத்தில் டையிங் வண்டி வந்து நிற்கும். ஓடுகிற லாரிக்கு டயர் மாற்றச் சொல்வது போன்ற வேலை இது.

சென்ற வாரம் ஞாயிறு இரவு, கிடங்கில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எடை ஸ்கிரிப்டையும் சிக்வின் சேவைகளையும் நிறுத்திவிட்டு செட்டப்பைத் தொடங்கினேன். தொகுப்புகள் இறங்கி, ஒவ்வொன்றாகப் பிரிந்து அமர்ந்துகொண்டிருந்தபோது டையிங்கிலிருந்து வண்டி வந்துவிட்டது. மறுநாள் காலையில் கட்டிங்குக்குப் போக வேண்டிய லாட் அது. டிரைவரைக் காத்திருக்கச் சொல்ல யாராலும் முடியாது. கிடங்குப் பையன் தன் வேலையைத்தான் செய்தான், எடைச் சாளரத்தைத் திறந்தான். செட்டப் உடனே நின்று ஒரு பெட்டியைக் காட்டியது. கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்ற வரி, அதன் கீழே பிடித்திருக்கும் நிரலின் பெயரும் எண்ணும், அதற்கும் கீழே மீண்டும் முயலவோ, அந்த நிரலை நிறுத்தவோ, அப்படியே தொடரவோ பொத்தான்கள். ரோல்கள் தராசில் ஏறிக்கொண்டிருக்கும்போது நிரலை நிறுத்தினால் பாதி லாட்டின் பதிவு கெடும். ஆகவே தொடரச் சொன்னேன். அப்படிச் சொன்னால் செட்டப் புதிய கோப்பை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த முறை கணினி மறுதொடக்கம் ஆகும்போது மாற்றிக்கொள்ளுமாறு விண்டோஸிடம் ஒப்படைத்துவிடும்.

அந்த இடைவெளிதான் கொடுமையானது. டிஎல்எல் பழையது, அதைச் சுற்றியுள்ள நிரல்களில் பல புதியவை. புதிய நிரல் கேட்கும் ஒரு செயற்கூறு பழைய டிஎல்எல்லில் இல்லாவிட்டால், நுழைவுப் புள்ளி கிடைக்கவில்லை என்ற சிறு சாளரம் எழுந்து அந்த நிரல் நின்றுவிடும். எடைப் பதிவுக்கு எதுவும் ஆகவில்லை. அலுவலகத்துக்குக் கோப்பை அனுப்பும் வேலை நின்றது. கடைசி ரோல் இறங்கும் வரை மறுதொடக்கம் செய்ய வழியில்லாமல் அந்தக் கணினியின் முன்னே உட்கார்ந்திருந்தேன். மறுதொடக்கம் செய்த பின் சிக்செக்கை ஓட்டிப் பார்த்தபோது எல்லாத் தொகுப்புகளும் சரியாக இருந்தன. எதுவும் கெடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரு தூக்கம் போயிற்று, அடுத்த புதுப்பிப்பிலும் இதுவே நடக்கலாம் என்பதும் தெரிகிறது.

இதே வேரிலிருந்து கிளைத்த இன்னொரு தொல்லையும் உண்டு. யூனிக்ஸ் நிரல்கள் தம்மைப் போலவே இன்னொரு புராசஸை (ஓடும் நிரலை) உண்டாக்கிக்கொள்ளும் ஃபோர்க் என்ற வசதி விண்டோஸில் அதே வடிவில் கிடையாது. சிக்வின் ஒரு புதிய புராசஸை உறங்கும் நிலையில் உருவாக்கி, மூலப் புராசஸின் நினைவகத்தை அதில் நகலெடுத்து, அதன் பிறகு எழுப்புகிறது. இதற்கு டிஎல்எல்கள் இரண்டிலும் ஒரே நினைவக முகவரியில் அமர்ந்திருக்க வேண்டும். ஆன்டிவைரஸ் போன்ற மென்பொருள்கள் தம்முடைய டிஎல்எல்லை எல்லாப் புராசஸ்களுக்குள்ளும் நுழைத்து அந்த முகவரியில் உட்கார்ந்துகொண்டால் ஃபோர்க் தோற்றுவிடும். 32 பிட் காலத்தில் முகவரி வெளி குறுகலாக இருந்ததால் இது அடிக்கடி நேர்ந்தது. 64 பிட்டில் அரிதாகிவிட்டது. 2022இல் 3.4 வெளியீட்டோடு 32 பிட் ஆதரவையே கைவிட்டார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. செட்டப்பின் முடிவில் டிஎல்எல்களுக்கு முகவரிகளை மோதாமல் பிரித்துக் கொடுக்கும் வேலை இப்போது தானாகவே நடக்கிறது. ஆனால் அதுவும் எல்லாம் நின்றிருந்தால்தான் முழுமையாக நடக்கும்.

இப்படி நகலெடுப்பதால் ஃபோர்க் மெதுவாகவும் நடக்கும்; அதைப் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. பேக்கிங் லிஸ்டின் ஒவ்வொரு வரிக்கும், ஒரு நெடுவரிசையை வெட்டியெடுக்கும் கட் கட்டளையை அழைத்து ஒவ்வொரு முறையும் ஃபோர்க் செய்யும் ஷெல் சுழல் லினக்ஸில் உடனே முடியும், சிக்வினில் ஊர்ந்துகொண்டிருக்கும். அதே வேலையை ஒரே ஆக் நிரலுக்குள் அடக்கினால் வேறுபாடே தெரியாது. சிக்வின் அடைவை ஆன்டிவைரஸின் உடனடிச் சோதனையிலிருந்து விலக்கினால் வேகம் கூடும், அதற்கு அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

நண்பர் மாற்று வழிகளையும் கேட்டார். சிக்வினைப் போன்ற எம்சிஸ்2வில் ஆர்ச் லினக்ஸின் தொகுப்பு மேலாளரான பேக்மேன் இருப்பதால் தொகுப்புகளைக் கையாள்வது இன்னும் இனிது. ஆனால் அது சிக்வினிலிருந்தே பிரிந்தது. அடிப்படைத் தொகுப்புகள் மாறும்போது எல்லாச் சாளரங்களையும் மூடிவிட்டு, மறுபடி திறந்து இரண்டாம் முறை புதுப்பிக்கச் சொல்லும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்ட மைக்ரோசாஃப்ட் தரும் டபிள்யூ.எஸ்.எல். 2வில் ஓடுவது மெய்யான லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையம்) என்பதால் வேலை நடக்கும்போதே ஆப்ட் கொண்டு புதுப்பிக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அதன்மேல் எனக்குப் பொறாமையே உண்டு. ஆயினும் அது மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருப்பதால் காம் போர்ட் நேராகத் தெரியாது. யூஎஸ்பி வழித் தராசாக இருந்தால் தனிக் கருவியைக் கொண்டு உள்ளே இணைக்கலாம், இணைத்தவுடன் விண்டோஸ் நிரல்களுக்கு அது இல்லாமல் போகும். சி டிரைவிலுள்ள கோப்புகளை அதிலிருந்து அணுகுவதும் மெதுவாகவே நடக்கும்.

இவ்வளவையும் எழுதிய பின், நண்பரின் தேவைக்கு சிக்வினைவிடப் பொருத்தமான ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை: சீரியல் தராசு, விண்டோஸ் கணக்கு நிரல், பழைய கணினி. ஆனாலும் வேண்டாம் என்றே அவருக்குச் சொல்லிவிட்டேன். விரலி மஞ்சள், கிழங்கு மஞ்சள் என்று மூட்டைகள் வந்து குவியும் பருவத்தில் அவருடைய எடைமேடையும் ஓயாது; செட்டப்பின் அந்தப் பெட்டி எழும்போது எதை அழுத்துவது என்று தீர்மானிக்க அங்கே இன்னோர் ஆள் இல்லை. தராசுக்கென்று தனியாகச் சிறு லினக்ஸ் பெட்டி ஒன்றை வாங்கி வையுங்கள், செலவானாலும் பரவாயில்லை என்றேன். அப்படியும் அவர் சிக்வினைத்தான் போடுவாரானால், இறக்கிய தொகுப்புகளைச் சேர்த்து வைக்கும் அடைவை அழிக்காமல் வைத்துக்கொள்ளட்டும். இணையம் இல்லாத கணினியிலும் அதிலிருந்தே நிறுவிவிடலாம், புதிய பதிப்பு ஒத்துவராவிட்டால் பழையதற்குத் திரும்பவும் அது உதவும்.

எங்கள் கிடங்குக்குப் புதுக் கணினி வருகிறது. அதில் லேபிள் நிரலுக்கும் முன்னதாக சிக்வினைத்தான் போடப் போகிறேன்.