பெரிய மாநாடா, சின்னக் கூட்டமா: எனக்கு மறக்காத ஒரு கேள்வி

"அண்ணா, ஆபீஸ்ல வருஷத்துக்கு ஒரு சாஃப்ட்வேர் கான்ஃபரன்ஸுக்குத்தான் காசு தருவாங்க. பெருசுக்குப் போகவா, சின்னதுக்கா?" என்று போன வாரம் தம்பி ஒருவர் கேட்டார். 2019 முதல் இரண்டுக்கும் போய்வருகிறேன். கட்டணம், சாப்பாடு, டி-ஷர்ட் கதையெல்லாம் அவருக்கே தெரியும். நான் சொல்ல நினைப்பது கேள்வி நேரத்தைப் பற்றித்தான்.

பெரிய மாநாடுகள்மேல் எனக்கு ஆறாத கோபம் அதில்தான். ஒருமுறை தகவல்களைச் சேமித்துவைக்கும் எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு குவெரி (தகவலைத் தேடி எடுக்கும் கட்டளை) சில ஊர்களுக்கு மட்டும் நிமிடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. அதே விஷயத்தில் ஓர் உரை இருக்கிறது என்று ராத்திரி ரயில் பிடித்துப் போனேன். உரை அருமை. முடிந்ததும் கை தூக்கினேன். "டைம் ஆயிடுச்சு, வெளியே கேட்டுக்கோங்க" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். வெளியே பேசியவரைச் சுற்றி முப்பது பேர். கேட்காமலே ஊர் திரும்பினேன். உரையின் வீடியோ சில வாரங்களில் யூடியூபுக்கே வந்துவிட்டது. அப்படியானால் நான் எதற்கு அவ்வளவு தூரம் போனேன்?

அதே கேள்வியை அப்புறம் சென்னை தரமணியில், இருபது பேர்கூட இல்லாத ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில் கேட்டேன். "எக்ஸ்பிளைன் அனலைஸ் போட்டுப் பாத்தீங்களா?" என்றார் பேசியவர். குவெரியை ஓட்டி, அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கட்டளை அது. என் லேப்டாப்பையே புரொஜெக்டரில் மாட்டினோம். குவெரியில் மாவட்டம், பின்கோடு என்று இரண்டு நிபந்தனைகள். பின்கோடு தெரிந்தால் மாவட்டமும் தெரிந்த மாதிரிதான். குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவுசெய்யும் பிளானருக்கு அது தெரியாது. இரண்டும் சம்பந்தமில்லாதவை என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நிபந்தனைக்கும் எத்தனை பங்கு ரோ (வரிசை) பொருந்தும் என்ற விகிதங்களைப் பெருக்கிவிடுகிறது. நாலைந்து ரோதான் வரும் என்று நம்பி, ஒவ்வொரு ரோவுக்கும் இன்னொரு டேபிளைத் தனித்தனியாகத் தேடும் நெஸ்டெட் லூப்பில் இறங்குகிறது, வருவதோ ஆயிரக்கணக்கில். 2017-ல் வந்த போஸ்ட்கிரெஸ் 10-ஆம் பதிப்பிலிருந்தே, இப்படிப்பட்ட தொடர்பைப் பிளானருக்குத் தெரியப்படுத்த 'கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற கட்டளை இருக்கிறது. அதில் மாவட்டம், பின்கோடு என்ற இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்துக் கொடுத்து, புள்ளிவிவரத்தைச் சேகரிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டினோம், தீர்ந்தது. அவருடைய உரை இருபது நிமிடம், என் கேள்வி முக்கால் மணி நேரம். ஒருவரும் எழுந்து போகவில்லை.

பெரிய மாநாட்டைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை. 2019 அக்டோபரில், பைத்தான் நிரல்மொழிக்கான பைகான் இந்தியா மாநாடு சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. தினமும் பயன்படுத்தும் லைப்ரரிகளை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) எழுதுகிறவர்களை அங்கேதான் முதலில் நேரில் பார்த்தேன். என் முதல் பேட்ச்சும் (பிறர் நிரலில் செய்து அனுப்பும் திருத்தம்) அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொல்லிக்கொடுத்து அனுப்பியதுதான். 2009-ல் பெங்களூரு ஐஐஎஸ்சியில் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்கள் இழுத்துப்போட்டுச் செய்கிற மாநாடு அது. அப்படி ஒரு திரளைச் சின்னக் கூட்டம் திரட்டவே முடியாது. சின்னக் கூட்டத்தில் பேச ஆள் கிடைக்காத மாதங்களும் உண்டு, அரைகுறைத் தயாரிப்போடு வருகிறவர்களும் உண்டு.

தம்பிக்கு வேலையில் இரண்டாவது வருடம். நியாயமாகப் பார்த்தால் பெரியதற்குப் போ என்றுதான் சொல்ல வேண்டும். சின்னதற்கு வா என்றுதான் சொன்னேன். மைக்கை வாங்கிய அந்த மத்தியானம் இன்னும் உறுத்துகிறது. அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன் என்றிருக்கிறார். படுத்துகிற குவெரி ஒன்றைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.