நாய்க்கு வீட்டிலேயே பிசியோதெரபி என்று சொல்லி ரூ.18,500 பறித்துவிட்டார்கள்: சென்னைவாசிகளுக்கு எச்சரிக்கை

அறுவை சிகிச்சை முடிந்த செல்லப்பிராணிகளுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிப்பதாக விளம்பரம் செய்யும் ஒரு செயலியில் ரூ.18,500 கட்டி ஏமாந்து நிற்கிறேன். பணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற பதில் இன்று காலைதான் வந்தது; அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன். சிறிய இன நாய் வளர்ப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். எப்படித் தப்பிப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் சிட்டு ஒரு பொமரேனியன். பின்னங்காலில் முழங்கால் சில்லு தன் பள்ளத்தை விட்டு உட்புறமாக நழுவும் கோளாறு அவளுக்கு இருந்தது. சிறிய நாய்களிடம் பரவலாகக் காணப்படும் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். அவளுக்கு மூன்றாம் நிலை, அதாவது கையால் தள்ளினால் சில்லு இடத்துக்கு வரும், விட்டால் மறுபடியும் விலகிவிடும். பள்ளத்தை ஆழமாக்கி, தசைநார் பிடித்திருக்கும் எலும்பு முனையைச் சற்று நகர்த்திக் கம்பி வைத்துப் பொருத்தினார்கள். அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும், அதுவரை ஓட்டமோ குதிப்போ படிக்கட்டோ கூடாது, சிறுநீர் கழிக்க மட்டும் கயிறு கட்டி அழைத்துச் செல்லுங்கள், மற்ற நேரமெல்லாம் கூண்டில் ஓய்வு என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். நங்கநல்லூரில் லிஃப்ட் இல்லாத மாடி வீட்டில், வழுக்கும் டைல்ஸ் தரையில், இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்தில் அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது இந்தச் செயலிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வீடியோ அழைப்பில் பேசிய பெண் விலையைப் பற்றி முதலில் வாயே திறக்கவில்லை. தையலைக் கேமராவுக்கு அருகில் காட்டச் சொல்லி, சிவந்திருக்கிறதா, நீர் கசிகிறதா என்று விசாரித்தார். தையலை நக்காமல் இருக்கக் கட்டிய கழுத்துக் கூம்போடு தண்ணீர்க் கிண்ணத்தை இடித்துக்கொண்டிருந்த சிட்டுவைப் பார்த்துவிட்டு, "கிண்ணத்தை ஒரு செங்கல் மேல் தூக்கி வையுங்கள் மேடம், குடித்துவிடும்" என்றார். வைத்தேன், மடமடவென்று குடித்தாள். அந்தச் செங்கல்தான் என்னிடமிருந்து ரூ.18,500-ஐ வாங்கியது. ஆறு வாரப் பயிற்சி, வாடகைக் கூண்டு, வழுக்காத விரிப்பு எல்லாம் சேர்ந்த தொகை என்றும், முழுவதையும் கட்டினால்தான் தெரபிஸ்ட் தேதி உறுதியாகும் என்றும் சொன்னார். யுபிஐயில் உடனே அனுப்பினேன்.

கூண்டும் வரவில்லை, விரிப்பும் வரவில்லை. பலமுறை கேட்ட பிறகு ஓர் இளைஞர் வந்தார். தொடை வரை மழிக்கப்பட்டு, நீளமான தையல் கோட்டோடு கால் கண்ணெதிரே இருக்க, "எந்தக் கால் மேடம்?" என்று கேட்டார். நான் நீட்டிய டிஸ்சார்ஜ் சீட்டைப் படிக்காமலேயே கீழே வைத்துவிட்டு, காலைப் பிடித்து ஒரே இழுப்பில் நேராக்க முயன்றார். சிட்டு அலறிய அலறலில் கீழ்வீட்டுப் பாட்டி மாடியேறி வந்துவிட்டார். நிறுத்தி விசாரித்தபோது, தாம் நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் வேலைக்குச் சேர்ந்தவர் என்றும், ஆள் இல்லாததால் அனுப்பிவிட்டார்கள் என்றும் அவரே சொன்னார். அவர்மீதுகூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. எக்ஸ்ரேயில் கம்பி அசையாமல் இருந்தது எங்கள் நல்ல நேரம்.

அதன் பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. தெரபிஸ்ட் விடுப்பில் இருக்கிறார், மழையால் தாமதம், உங்கள் புகார் மேலதிகாரிக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஆளுக்கொரு பதில். செங்கல் யோசனை சொன்ன பெண்ணின் எண் எடுக்கப்படவே இல்லை. நாய் வலியால் முனகுகிறது என்று எழுதியதற்கு, வீட்டில் இருக்கும் ஐபுப்ரூஃபென் மாத்திரையில் பாதி கொடுக்கலாம் என்று சாட்டில் பதில் வந்தது. மருத்துவரிடம் காட்டினேன், அது நாய்களுக்கு நஞ்சு, குடலில் புண் வரும், சிறுநீரகம் கெடும், அதிலும் ஏற்கெனவே வலி மருந்து சாப்பிடும் நாய்க்குக் கொடுத்தால் ஆபத்து இரட்டிப்பு என்றார். ரூ.18,500 வாங்கிக்கொண்டு சொன்ன ஒரே மருத்துவ ஆலோசனை இதுதான்.

இன்று காலை வந்த முடிவு: ஓர் அமர்வு தொடங்கிவிட்டதால் திட்டம் பயன்படுத்தப்பட்டதாகக் கருதப்படும், விரும்பினால் ஒருமுறை இலவசமாகக் குளிப்பாட்டித் தருவார்களாம். தையல் உள்ள நாயைக் குளிப்பாட்டக் கூடாது என்பதுகூடத் தெரியாதவர்களிடம் என் ரூ.18,500 இருக்கிறது.

விரிவாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. முழுத் தொகையை முன்கூட்டிக் கட்டாதீர்கள். ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். வருபவரின் தகுதியைக் கேளுங்கள், மருத்துவர் என்றால் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரைக் கேட்காமல் காலைத் தொட விடாதீர்கள். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக அவர்கள் தெரிவித்தாக வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்தாக வேண்டும். ஸ்கிரீன்ஷாட் அனைத்தையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். நான் அழைத்துப் பதிவு செய்துவிட்டேன்; அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்.