நாளைய வெயிலைக் கணிக்கும் செயலி: காட்பாடி மாடியிலிருந்து ஓர் அனுபவம்

ஆற்காட்டில் மாடியில் சோலார் பொருத்தப்போகும் நண்பர், மறுநாள் உற்பத்தியை முன்கூட்டியே சொல்லும் செயலிக்கும் சேர்த்துப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தார். காட்பாடியில் 5 கிலோவாட் தகடுகளோடும் பேட்டரியோடும் அதைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அவருக்கு எழுதியதையே இங்கும் பகிர்கிறேன்.

கணிப்புத் திறனில் குறை சொல்ல முடியாது. கத்திரி வெயிலில்தான் மின்சாரம் கொட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தகட்டின் திறன் 25 டிகிரி செல்சியஸில் அளந்து சொல்லப்படுவது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறையும் என்பதால், தகடு 65 டிகிரியைத் தொடும் மே மாத நண்பகலில் 12 முதல் 16 விழுக்காடு போய்விடும். செயலி இதைச் சரியாகவே கழித்துக்கொள்கிறது. அதைவிட என்னை வியக்க வைத்தது வேறொன்று. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்லும்போது எங்கள் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மூன்றரை மணிக்கு மேல் கடைசி இரண்டு தகடுகளில் விழும். யாரும் சொல்லாமலே, இன்வெர்ட்டரின் பழைய பதிவுகளிலிருந்து மெஷின் லேர்னிங் வழியாக அதைக் கற்றுக்கொண்டு, மறு குளிர்காலத்தில் அந்த நேரத்துக்கு மட்டும் கணிப்பைக் குறைத்துக் காட்டியது.

என் மனக்குறை ஒன்றுதான், ஆனால் அது சிறியதன்று. தொடக்கத்தில் இந்தச் செயலி ஃபஸி லாஜிக் முறையில் விடை தந்தது. கணினி அறிவியலாளர் லாட்ஃபி சாதே 1965-இல் முன்வைத்த அந்த முறையில், மேகம் உண்டு அல்லது இல்லை என்று வானத்தை இரண்டாக வெட்ட வேண்டியதில்லை. ஒரே வானம் 'ஓரளவு மேகம்' என்பதிலும் 'அடர்ந்த மேகம்' என்பதிலும் வெவ்வேறு அளவில் சேரலாம். மறுநாள் உற்பத்தியும் அதேபோல் திரையில் 'நடுத்தரம் 0.6, குறைவு 0.4' என்று வரும். இரவே மின்வாரிய மின்சாரத்தில் பேட்டரியைப் பாதிவரை ஏற்றி வைப்பதா, வெயிலுக்கு விட்டுவிடுவதா என்று முடிவெடுக்க அது போதுமானதாக இருந்தது. புதிய பதிப்பில் அதை எடுத்துவிட்டு, '17.4 யூனிட்' என்பதுபோல் ஒற்றை எண்ணை மட்டும் போடுகிறார்கள்.

ஆடி, ஆவணியில் வேலூர்ப் பக்கம் காலை முழுவதும் சுள்ளென்று காயும். பிற்பகலில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்து இடியோடு கொட்டும், அதுவும் ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவை விட்டுவிடும். அப்படிப்பட்ட நாளுக்குத் தசமப் புள்ளி வரை ஓர் எண்ணைச் சொல்வது துல்லியம் ஆகாது. அத்தகைய ஒரு மாலையில் தகடுகள் கணித்ததில் பாதியைக்கூடத் தரவில்லை. மழை வந்ததும் மின்வாரிய மின்சாரமும் நின்றது. இரவு ஒன்பது மணிக்குள் பேட்டரி தீர்ந்து மின்விசிறிகள் நின்றன. செயலி நிறுவனத்தாரிடம் கேட்டதற்கு, உள்ளே பழைய கணக்கு அப்படியேதான் இருக்கிறது, வாடிக்கையாளர்கள் குழம்பக்கூடாது என்று திரையில் மட்டும் காட்டுவதில்லை என்றார்கள். இந்த விடைதான் எனக்கு ஆறவில்லை. தெரிந்த ஐயத்தை மறைத்துத் தெளிவுபோல் காட்டுவதற்கு நான் ஏன் கட்டணம் செலுத்த வேண்டும்?

மாத மொத்தம் இன்றும் பெரும்பாலும் பொருந்திவருகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இருந்தும் இந்த ஆண்டு சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை. நண்பர் தகடுகளையும் பேட்டரியையும் தாராளமாகப் பொருத்தட்டும். அந்தப் பழைய திரையைத் திருப்பிக் கொடுக்கும்வரை செயலிக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.