யார் வீட்டுத் துக்கம்? ‘தம்பியின் கணவர்’ ஜப்பானிய நாடகம்

துணைவசனம் படித்துக்கொண்டே நாடகம் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் தோழி ஒருத்தி சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கே வந்து போட்டுக் காட்டியதால்தான் ‘ஒடோட்டோ நோ ஒட்டோ’ பார்த்தேன். பெயருக்கு ‘தம்பியின் கணவர்’ என்று பொருள். ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்எச்கே 2018 மார்ச்சில் ஒளிபரப்பிய நாடகம், மொத்தம் மூன்றே பகுதி. கெங்கோரோ தகாமே எழுதி வரைந்த மங்காவிலிருந்து, அதாவது ஜப்பானியப் படக்கதையிலிருந்து, எடுத்தது. ஆங்கிலத்தில் வந்த அந்தப் புத்தகத்துக்கு அதே 2018இல் படக்கதைகளுக்கான ஐஸ்னர் விருதும் கிடைத்தது.

கதை சின்னதுதான். மைக் கனடாக்காரர். கணவர் ரியோஜி இறந்துவிட்டார். அவர் பிறந்து வளர்ந்த ஊரையும் வீட்டையும் பார்க்க மைக் ஜப்பானுக்கு வருகிறார். அந்த வீட்டில் இருப்பவர் ரியோஜியின் இரட்டைச் சகோதரர் யாயிச்சி. மனைவியைப் பிரிந்தவர், சின்னப் பெண் கானாவைத் தனியாக வளர்க்கிறார், பெற்றோர் விட்டுப்போன வாடகை வீடுகளை வைத்துக் காலம் தள்ளுகிறார். தம்பி தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை சண்டை போடாமலே விலகிப்போனவர். கானாவுக்கோ இப்படி ஒரு சித்தப்பா இருந்ததே தெரியாது.

மைக் வந்து கதவைத் தட்டுகிறார். திறப்பவருக்கு அச்சு அசல் செத்துப்போன கணவரின் முகம்.

நாடகம் முழுவதையும் தாங்குவது இந்த ஒரு விஷயம்தான் என்பேன். இரட்டையர் இருவரையும் ரியூத்தா சாத்தோ என்ற ஒரே நடிகர் செய்திருக்கிறார். முதல் பகுதியில் ஒரு ராத்திரி மைக் நன்றாகக் குடித்துவிட்டு வருகிறார். யாயிச்சியைப் பார்த்ததும் ரியோஜி என்று கூப்பிட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். யாயிச்சி தள்ளிவிடவும் முடியாமல், அணைக்கவும் தெரியாமல், கைகள் இரண்டையும் எங்கே வைப்பது என்று புரியாமல் மரம் மாதிரி நிற்கிறார். அந்த மனிதருக்குத் தன் தம்பி செத்துப்போனது அந்த நிமிடம்தான் உறைக்கிறது என்று எனக்குப் பட்டது. சாவுச் செய்தி என்றோ வந்துவிட்டது, ஆனால் யாரும் அந்த வீட்டில் அழவில்லை. வந்த ஒரு வெளியாள்தான் முதலில் அழுகிறார்.

மைக்காக நடித்திருப்பவர் பாருத்தோ. நடிகரே இல்லை, சூமோ மல்யுத்த வீரராக இருந்தவர். எஸ்டோனியாவில் பிறந்து ஜப்பானுக்கு வந்து சூமோவில் இரண்டாவது உயர்ந்த நிலையான ஓசெக்கி பட்டம் வரை போனவர், 2012 ஜனவரிப் போட்டியில் பேரரசர் கோப்பையை வென்றவர். ஆறரை அடி உயரம். அந்த உடம்பு அந்தச் சின்ன ஜப்பானிய வீட்டின் கதவு நிலைக்குள் குனிந்து நுழைவதைப் பார்க்கும்போதே, இங்கே எனக்கு இடம் இருக்கிறதா என்று அவர் கேட்டுக்கொண்டே நடமாடுவது போல இருக்கிறது. வசனம் பேசுவதில் கொஞ்சம் தட்டையாகத்தான் இருக்கிறார், சரி, ஆனால் துக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தானே பேசுவார்கள், ஒரே தொனியில், மரியாதையாக, எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் தரக்கூடாதே என்று பார்த்துப் பார்த்து.

இனி நான் ஏன் இதை இவ்வளவு மனதில் போட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவின் தம்பி, என் மாமா, இங்கே சிங்கப்பூரில் அங் மோ கியோவில் ஒருவரோடு 19 வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தார். நாங்கள் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். தீபாவளிக்கு இருவரும் சேர்ந்து வருவார்கள், அங்கிள் செய்யும் மட்டன் பெரட்டலுக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம், யாரும் எதுவும் கேட்டதில்லை. 2019இல் அங்கிள் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய அண்ணன் வீட்டு புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் கூடாரம் போட்டார்கள். பத்திரிகையில் வந்த அறிவிப்பில் அண்ணன், அண்ணி, தங்கை, மைத்துனர், மருமக்கள் என்று எல்லா முறையும் இருந்தது. மாமாவின் பெயர் இல்லை. எந்த முறையில் போடுவார்கள்?

மாமா காலையிலிருந்து வந்தவர்களுக்குத் தண்ணீர் பாக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாய்க்கரிசி போடும் நேரம் முதலில் சொந்தக்காரர்கள் வரிசையாகப் போட்டு முடித்தார்கள். அப்புறம் யாரோ, “நண்பர்கள் யாராச்சும் போடறதா இருந்தா வாங்க” என்றார்கள். மாமா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேருக்குப் பின்னால் போய் நின்றார். அந்த வரிசை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மண்டாய் தகனச்சாலைக்குப் போகும் பேருந்தில் கடைசி இருக்கை. வேலையிடத்தில் துக்க விடுப்பு உறவினருக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்களாம், சொந்த விடுப்பில் இரண்டு நாள் எடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவரைக் கூப்பிடவே மறந்துவிட்டார்கள், வேண்டுமென்று இல்லை, உண்மையிலேயே யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும்தான் தோன்றவில்லை. அம்மா ஒரு தரம்கூட மாமாவிடம் தனியாக உட்கார்ந்து துக்கம் விசாரித்தது கிடையாது. நானும் இல்லை.

ஆகவே கானா என்ற அந்தச் சின்னப் பெண் மைக்கிடம், உங்கள் இரண்டு பேரில் யார் கணவர், யார் மனைவி என்று கேட்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மைக் மிகச் சாதாரணமாகச் சொல்கிறார்: ரியோஜி என் கணவர், நான் ரியோஜியின் கணவர். அவ்வளவுதான். குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாயிச்சிக்குத்தான் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். வெளியாள் யாராவது இவர் யார் என்று கேட்டால் ‘தம்பியின் கணவர்’ என்ற இரண்டு சொல் அவர் வாயில் அவ்வளவு சுலபமாக வருவதில்லை. தலைப்பாக இருக்கும் அந்த இரண்டு சொல்லை ஒரு மனிதர் சொல்லப் பழகுவதுதான் மொத்த நாடகமும்.

கனடாவில் 2005 முதல் நாடு முழுக்க இந்தத் திருமணம் சட்டப்படி செல்லும். ஜப்பானில் இன்னும் இல்லை. விமானம் ஏறும்போது மைக் கணவனை இழந்தவர், இறங்கும்போது யாரோ ஒரு வெள்ளைக்காரர். நாடகம் இதை வசனமாகப் பேசாமல் காட்டிவிடுகிறது. நம் ஊரில், ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை 2023 ஜனவரியில் எடுத்தார்கள். ஆனால் திருமணத்துக்கு இப்போதுள்ள வரையறையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி அரசமைப்பையும் சேர்த்தே திருத்தினார்கள். சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்க்கும் மத்திய சேமநிதிப் பணத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். எழுதாமல் போய்ச் சேர்ந்தால் குடும்பத்துக்குத்தான் போகும், 19 வருடம் கூட இருந்தவருக்குச் சல்லிக்காசு கிடையாது. அங்கிள் எழுதி வைக்கவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தேவைப்பட்டால் தயவுசெய்து இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. மைக் ரொம்ப நல்லவராக இருக்கிறார். கோபப்படுவதில்லை, எரிந்து விழுவதில்லை, யார் என்ன கேட்டாலும் சிரித்தமுகமாக விளக்குகிறார். கணவனைப் பறிகொடுத்த மனிதர் இப்படி எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கித்தான் துக்கப்பட வேண்டுமா? அந்தக் குடித்த ராத்திரியைத் தவிர அவருடைய துக்கம் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது, நாடகம் யாயிச்சியின் குற்ற உணர்வின் பக்கமே சாய்ந்துவிடுகிறது. கனடாவில் ரியோஜி இல்லாத அந்த வீட்டில் மைக் எப்படி இருக்கிறார், கட்டிலில் எந்தப் பக்கம் படுக்கிறார், அதை ஒரு முழுப் பகுதி காட்டியிருக்கலாம். யாயிச்சியின் முன்னாள் மனைவி நட்சுகி வரும் பகுதிகள் இதமாக இருக்கின்றன, ஆனால் அவசரம்.

அதற்காக விட்டுவிடாதீர்கள். நம் தமிழ்த் தொடர்களிலும் படங்களிலும் இப்படிப்பட்டவர்களை இத்தனை வருடம் சிரிப்புக்குத்தான் கொண்டுவந்தார்கள், இங்கே ஒரு ஆள் சும்மா சோறு சாப்பிடுகிறார், பாத்திரம் கழுவுகிறார், அழுகிறார். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம், முகம் சுளிக்க ஒரு காட்சி இல்லை.

போன வாரம் மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். இப்படி ஒரு நாடகம் இருக்கிறது, பார்க்கிறீங்களா என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். “மூணு எபிசோடுதானா, போடு” என்றார். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாமா மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்தார், நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் அந்தக் குடித்துவிட்டு வரும் இடத்தை மட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னார். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அம்மாவிடம் சொன்னார்:

“அக்கா, அவன் அண்ணன் இன்னும் எப்பவாச்சும் போன் பண்ணுவாரு. குரல் அப்படியே அவன் குரல். அதான் நான் எடுக்கிறதில்ல.”